சின்னத் தொட்டியில் இரண்டு பாட்டில் நீலம்

சாரல் தொடங்கிய வாரத்தில் பதிவாளர் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களை, புகாரை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியில் இருப்பவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. தர ஆய்வுக் குழு அடுத்த வாரம் வருகிறது, அதற்குள் இப்படி ஒரு நடவடிக்கை கோப்பில் ஏறிவிட்டால் நல்லது என்றார்.

பட்டியல் போட எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் நான்; புகார்ச் சீட்டு முறையைக் கொண்டுவந்ததும் நான்தான். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று நகல்கள். புகார் வந்த நேரம், முடிந்த நேரம், முடித்தவர் கையெழுத்து. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தால் முழு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் மின்சார வேலைக்காரர் முதலில் இருந்தார். குழாய் வேலை பார்க்கும் அண்ணாச்சி கடைசியில் இருந்தார்.

அண்ணாச்சிக்கு அறுபது நெருங்குகிறது. பண்பொழியிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். இந்த வேலை போனால் குற்றாலத்து லாட்ஜுகளில் குழாய் மாற்றப் போகலாம். சீசன் முடிந்ததும் அதுவும் இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் பட்டியலை அச்செடுத்தேன், கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தேன். அவரிடம் நிலுவையில் இருக்கும் சீட்டுகளை இரண்டு நாளில் முடிக்க வைத்துவிட்டால் அவர் ஒரு படி மேலே வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

நிலுவையில் பதினோரு சீட்டுகள். எல்லாம் ஒரே புகார்: மாணவியர் விடுதி, இரண்டாம் மாடி, மூலை அறை, சுவரில் ஈரம். பதினொன்றிலும் "முடிந்தது" என்று எழுத வேண்டிய கட்டத்தில் அண்ணாச்சி "பாக்கணும்" என்று எழுதி வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? பாக்கணும்னா எப்பப் பாப்பிய?"

"சாரல் பெய்யுத வரைக்கும் எல்லாச் சுவரும் ஈரமாத்தான் கெடக்கும் மேடம். மேல தளத்துல இருந்து எறங்குதா, உள்ள குழாய் கசியுதான்னு இப்ப எவன் சொல்லுவான்? நாலு நாள் சேந்தாப்புல வெயில் அடிக்கட்டும். பாத்துருவோம்."

"ஆடி முடியுத வரைக்கும் வெயில் அடிக்காது."

"அப்ப ஆவணியில பாப்போம்."

"இருபத்துநாலு மணி நேரம்னு சீட்டுல போட்டிருக்கு அண்ணாச்சி."

"அதச் சாரல்ட்டல்லா சொல்லணும்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பட்டியல் விஷயத்தை அவரிடம் சொல்லவே சொன்னேன். ஒரு நிமிடம் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்காவ முடியாதத முடிஞ்சிட்டுன்னு எழுதச் சொல்லுதியளா?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். உண்மையில் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

மற்றவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. நூலகத்தின் வாசிப்பு அறையில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அதைப் பற்றிய புகார் மூன்று முறை வந்து, மூன்று முறையும் ஒரு மணி நேரத்துக்குள் "முடிந்தது". மின்சார வேலைக்காரர் டீக்கடையில் இருந்தபடியே நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மின்விசிறி இன்றுவரை சுற்றவில்லை. நான் போய்க் கேட்டால், "போன வாரம் சுத்துச்சே மேடம்" என்பார், வியப்போடு.

கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டச் செய்திருந்தேன். சுத்தம் செய்யும் பெண்கள் ஒவ்வொரு முறை கழுவியதும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வந்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு தாளைப் பார்த்தேன். ஞாயிறு வரைக்கும் கையெழுத்து விழுந்திருந்தது.

"ஏக்கா, இன்னைக்குத் திங்கக்கெழமதான?"

"தாள் நமுத்துப் போவுதுல்லா மேடம். பேனா பிடிக்க மாட்டேங்கு. அதான் ஸ்டோர் ரூம்ல காஞ்ச தாளா எடுத்து, வாரம் பூராவுக்கும் போட்டுக் கொண்டாந்து ஒட்டிருதோம்."

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவு. அதுக்கும் போட்டிருக்கே?"

"கட்டம் காலியாக் கெடந்தா நீங்க ஏசுவியள்லா?"

பக்கத்தில் நின்றவள் துடைப்பத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் கழுவுவது உண்மைதான். கழிப்பறை பளிச்சென்று இருந்தது. பொய்யாக இருந்தது என் தாள் மட்டும். அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். நான் இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். முதல் வரியில் வானிலை, பிறகு அலுவலகம், பிறகு வீடு. ஒரு நாளுக்கு எட்டு வரி. எட்டுக்கு மேல் போனால் அந்த நாளில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

மறுநாள் சாரல் சற்று ஓய்ந்தது. மலை முழுவதும் தெரிந்தது. அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வெயில் அடிக்கி. அந்தச் சுவர இன்னைக்குள்ள முடிச்சிருங்க."

"இது ஒரு வெயிலா மேடம்? பொழுது சாயுததுக்குள்ள திரும்ப வந்திரும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, நீங்க விட மாட்டிய. சொட்டு நீலம் ரெண்டு பாட்டில் வாங்கித் தாங்க" என்றார்.

அந்த விடுதியின் மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. பெரிய தொட்டித் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். சற்று உயரமான மேடையில் நிற்கும் சின்னத் தொட்டி, கழிப்பறைக்கு மட்டும். வளாகத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து அதில்தான் ஏற்றுகிறோம். தண்ணீரை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துகிறோம் என்று தர ஆய்வில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. கழிப்பறையில் ஊற்றத்தான் அந்தத் தண்ணீர் லாயக்கு, உடம்பில் படக்கூடாது. சின்னத் தொட்டியின் குழாய் அந்த ஈரச் சுவருக்குள்தான் இறங்குகிறது. தொட்டியில் நீலத்தைக் கரைத்துவிட்டால், குழாய் கசிவதாக இருந்தால் சுவரில் நீலம் தெரியும். தெரியாவிட்டால் ஈரம் மழையுடையது. இதுதான் அண்ணாச்சியின் சோதனை. பதினோரு மணிக்கு இரண்டு பாட்டிலையும் ஊற்றினார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டே காலுக்கு விடுதிக் காப்பாளர் போன் செய்தார்.

"அக்கா, தண்ணி நீலமா வருது. பிள்ளைய கெடந்து கத்துதுவ."

"கழிப்பறையில அப்படித்தான் வரும் மேடம். சோதனை நடக்கு. காலையில நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே."

"கழிப்பறையில இல்லக்கா. குளிக்கிற குழாயில வருது."

அண்ணாச்சியையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். குளியலறை வரிசை முழுவதும் வாளி வாளியாக இளநீலம். ஒரு பெண், துவைத்ததில் நீலம் ஏறிய தன் வெள்ளை ஆய்வகக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வெள்ளைக்கு நல்லாத்தானட்டி இருக்கு" என்று ஒருத்தி கேலி செய்தாள். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இது நான் போட்ட நீலம்தான் யம்மா," என்றார் மெதுவாக. என்னை மேடம் என்று கூப்பிட மறந்திருந்தார். "ஆனா இங்கன வரப்பிடாதே."

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சின்னத் தொட்டித் தண்ணீர் எங்கோ பெரிய தொட்டிக் குழாயில் கலக்கிறது. இன்று நீலம் போட்டதால் கண்ணுக்குத் தெரிகிறது. நிறமில்லாமல் எத்தனை மாதமாகக் கலந்துகொண்டிருந்ததோ?

மாடிக்குப் போனோம். சாரல் மறுபடி தொடங்கியிருந்தது. பெரிய தொட்டிக்குப் பின்னால், யாரும் போகாத இடுக்கில், பாசி பிடித்த ஒரு குழாய் இரண்டு தொட்டிகளின் இறக்கக் குழாய்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வால்வு. அடைத்துத்தான் இருந்தது. அண்ணாச்சி அதில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே தேய்ந்துபோய், அடைத்தும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றார்.

"எவன் பாத்த வேலை இது? என் கை வேலை இல்ல. டேப் சுத்தியிருக்க லெச்சணத்தப் பாருங்க. நான் சணல் வச்சில்லா சுத்துவேன்."

இரண்டு தொட்டிகளையும் அடைத்துவிட்டு, லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, கீழே இறங்கினோம். காப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அங்கேயே மாணவிகளைக் கூட்டிச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளைக் கோட்டோடு நின்ற பெண் என் முன்னால் வந்தாள். முழங்கைக்குமேல் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"அரிப்பெடுக்குதுன்னு நாங்க மூணு தடவை எழுதிப் போட்டோம் மேடம். அருவியில குளிச்சதால இருக்கும்னு பதில் வந்துச்சு. நான் இந்த சீசன்ல ஒரு நாள்கூட அருவிக்குப் போகல."

அந்த மூன்று சீட்டும் எனக்கு நினைவிருந்தது. "பராமரிப்புக்குத் தொடர்பில்லை. முடிந்தது" என்று எழுதியது என் அலுவலகம். மூன்றும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். மருத்துவரை அழைத்து வரச் சொல்லிவிட்டு அலுவலகம் திரும்பினேன்.

மாலை நான்கு மணிக்குப் பதிவாளர் கூப்பிட்டார். நீல வாளிப் படங்கள் அதற்குள் அவருடைய போனுக்கு வந்திருந்தன.

"மேடம், குழு வர இன்னும் மூணு நாள்தான் இருக்கு. நீலத்தைப் போட்டது யாரு?"

"அண்ணாச்சிதான் சார். போடச் சொன்னது நான். அவர் போடாம இருந்தா இந்த இணைப்பு தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"அந்த இணைப்பு யாரு கொடுத்தது? இங்க பிளம்பர்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தானே? லிஸ்ட்லயும் அவர்தானே கடைசி? நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க. தவறுக்கு நடவடிக்கை எடுத்தாச்சுன்னு அதையே காட்டிக்கலாம்."

"அவர் செய்யலைங்கறார் சார்."

"செஞ்சவங்க யாரு செஞ்சேன்னு சொல்லுவாங்க?"

வீட்டுக்குப் போனதும் சேலைகூட மாற்றாமல் பழைய நாட்குறிப்புகளை எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். யார் அந்த இணைப்பைக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். எனக்குச் சந்தேகம் மின்சார வேலைக்காரர்மேல். அவர் எழுதும் "முடிந்தது"களில் ஒன்றாகத்தான் இது இருக்கும் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன். கொஞ்சம் ஆசையும் பட்டேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது. இரண்டரை வருடத்துக்கு முந்தைய ஒரு தை மாதப் பக்கம். என் கையெழுத்து.

"பனி. மாணவியர் விடுதிப் பெரிய தொட்டி மோட்டார் எரிந்துவிட்டது. நாளை பார்வையாளர் குழு வருகை. பிளம்பர் அண்ணாச்சி தைப்பூசத்துக்கு விடுப்பு. சுரண்டையிலிருந்து ஆள் வரவழைத்துச் சின்னத் தொட்டியிலிருந்து தற்காலிக இணைப்புக் கொடுக்கச் செய்தேன். 4.40க்கு முடிந்தது."

அப்போது சின்னத் தொட்டியிலும் நல்ல தண்ணீர்தான் இருந்தது. மோட்டார் வந்ததும் வால்வை அடைத்திருக்கிறார்கள். குழாயைக் கழற்றச் சொல்லி நான் எழுதியிருக்கிறேனா என்று அடுத்த நாற்பது பக்கங்களைப் பார்த்தேன். எழுதவில்லை. அடுத்த வருடம் சின்னத் தொட்டிக்குச் சுத்திகரித்த நீரைத் திருப்பினோம். அதற்கான கோப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எட்டு வரி எழுதியவள், "தற்காலிக" என்று எழுதிய ஒரு சொல்லை இரண்டரை வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சாயங்காலம் எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், காபியில் சர்க்கரை போதவில்லை என்று கணவரைக் கடிந்துகொண்டேன். காபி போட்டது நான்தான்.

காலை பத்தரைக்குப் பதிவாளர் அறைக்குப் போனேன். நாட்குறிப்பைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இது உங்க சொந்த டைரி மேடம். ஆபீஸ் ரெக்கார்டு இல்லை."

"உண்மை இதுல மட்டும்தான் சார் இருக்கு. ஆபீஸ் ரெக்கார்டுல இந்த இணைப்பே இல்லை."

"இதை யாரு கேட்டாங்க உங்ககிட்ட? வீட்லயே வச்சிருக்க வேண்டியதுதானே?"

"அவர் வேலைக்கே வராத அன்னைக்கு நடந்ததுக்கு அவரை எப்படி சார் அனுப்ப முடியும்?"

பக்கத்தை நகலெடுத்து, நடந்ததை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, அரிப்புப் புகார்ச் சீட்டுகள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். பட்டியலில் கையெழுத்துப் போட முடியாது, என் சீட்டு முறை தவறான ஆளைக் கடைசியில் காட்டுகிறது என்றும் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். பிற்பகலில் எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. குறிப்பாணையில் தேதி தவறாக இருந்தது. திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அண்ணாச்சி அதற்குள் அந்த இணைப்பை அறுத்து, இரண்டு முனைகளையும் மூடியிருந்தார். மாடிக்குப் போய் அவரிடம் சொன்னேன். மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார்.

"நீங்களா?" என்றார். "நான் அந்த கரண்டுக்காரன்னுல்லா நெனச்சி நேத்துல இருந்து அவன ஏசிக்கிட்டு இருக்கேன். சவம், அவன் புரையேறியே செத்திருப்பான்."

"தப்புதான் அண்ணாச்சி."

"நான் முடிஞ்சிட்டுன்னு எழுதலன்னு என்னா ஏச்சு ஏசுனிய. நீங்க ஒண்ணு முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்கிய, அது ரெண்டரை வருசமா ஓடிக்கிட்டுல்லா இருந்திருக்கு."

நான் சீட்டை நீட்டினேன். இணைப்பைத் துண்டித்ததற்கான சீட்டு அது. நாளை மறுநாள் குழு வருகிறது, இந்த ஒரு சீட்டாவது முடிந்திருக்க வேண்டும். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, என் பேனாவையும் வாங்கி, "பாக்கணும்" என்று எழுதித் திருப்பித் தந்தார்.

"அண்ணாச்சி! அறுத்தாச்சுல்லா? கண்ணு முன்னால கெடக்குல்லா?"

"இங்கன ஒண்ணு இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா? எனக்குத் தெரிஞ்சுதா? வேற எங்கன என்ன கெடக்கோ. தொட்டியக் கழுவி, திரும்ப நீலம் ஊத்தி, ஒரு வாரம் ஒவ்வொரு குழாயாத் தெறந்து பாக்கணும். ரெண்டு பாட்டில் பத்தாது."

குழு வந்தது. சீட்டுக் கட்டுகளைப் புரட்டி, மின்சாரப் புகார்கள் விரைவாகத் தீர்க்கப்படுவதைப் பாராட்டியது. தண்ணீரை மறுபடி பயன்படுத்துவதற்கான மதிப்பெண் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை. என் ஒன்றரைப் பக்கக் குறிப்பு அவர்கள் மேசையில் இருந்ததா என்றும் தெரியாது. கேட்டு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.

பட்டியல் கையெழுத்தாகாமல் கெடு நாள் கடந்துவிட்டதால், ஒப்பந்தத்தில் இருந்த எல்லோருக்கும் மூன்று மாதம் நீட்டிப்பு வந்தது. நியாயம் பார்த்து யாரும் கொடுத்தது அல்ல அது. தாள் வராததால் தானாக வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பட்டியல் கேட்பார்கள். அந்த ஈரச் சுவரில் நீலம் தெரியவே இல்லை; மழை ஈரம்தான், அதற்குள் காய்ந்திருக்கும், அண்ணாச்சி பதினோரு சீட்டையும் ஒரே நாளில் முடிப்பார், பழைய கணக்குப்படி பார்த்தால் மறுபடியும் கடைசியில்தான் நிற்பார். அதனால் சீட்டையே மாற்றினேன். "முடிந்தது" என்பதற்குப் பக்கத்தில் "திரும்பப் போய்ப் பார்த்த நாள்" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அது நிரம்பினால்தான் மதிப்பெண்.

புதிய சீட்டுகள் வந்த முதல் நாளே மின்சார வேலைக்காரர் ஒன்பது சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் திரும்பப் போய்ப் பார்த்த நாள் எழுதியிருந்தது: அடுத்த வாரம் வியாழக்கிழமை.

அவரிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். கையில் ஈரமான ஒரு சீட்டு. கட்டங்கள் இரண்டும் காலி.

"மேடம், ரெண்டாவது மாடியில இன்னும் ஆறு குழாய் பாக்கி. நீலம் தீந்து போச்சு."

குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.